இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண் அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பதை, கடவுளின் பெயரால் நான் முடிவு செய்தேன். எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் நடந்தது அது. அப்போது நான் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படித்த பள்ளி. இப்போது எனக்கு நன்றாகவே வயதாகிவிட்டது. செய்ததைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிப் படிப்பின் அமைப்பே மாறிக்கொண்டிருந்த காலம். அதுவரை பதினொன்றாம் வகுப்போடு பள்ளி முடியும். பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. புதிய முறையில் பத்தாவதுக்குப் பொதுத்தேர்வு, அதன்பின் பள்ளியிலேயே பிளஸ் டூ. பதினைந்து வயதில் ஒரு பிள்ளை எந்தப் பிரிவில் போய் உட்காருகிறதோ, பெரும்பாலும் அந்தத் திசையிலேயே அதன் வாழ்க்கை போய்விடும். அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு ஆகியவற்றோடு தொழிற்பிரிவு என்று ஒன்றும் வந்தது. எங்கள் பள்ளிக்குக் கிடைத்தது அலுவலகப் பயிற்சி: தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கு எழுதுதல், அலுவலகக் கடிதம்.

பெற்றோருக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கும் அரைகுறையாகத்தான் புரிந்திருந்தது. ஆகவே பள்ளிக்கு ஓர் ஆசிரியரை வேலூருக்கு அழைத்து, பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது எப்படி என்று பயிற்சி கொடுத்தார்கள். திருவண்ணாமலை அப்போது தனி மாவட்டமில்லை, எதற்கும் வேலூர்தான். எங்கள் பள்ளியிலிருந்து நான் போனேன். திரும்பி வந்தபோது எனக்குப் பெயர் கேரியர் மாஸ்டர், அதாவது தொழில் வழிகாட்டி. பிள்ளைகளுக்குத் தெரிந்த கேரியர் சாப்பாட்டுக் கேரியர் மட்டும்தான். வராந்தாவில் நான் நடந்தால் பின்னாலிருந்து, "இன்னிக்கி இன்னா கொழம்புடா?" என்று ஒரு குரல் வரும். கேட்காதது போலப் போய்விடுவேன்.

பயிற்சியில் மூன்று வட்டங்கள் வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று பிள்ளையின் ஆர்வம், ஒன்று திறமை, ஒன்று வாய்ப்பு. மூன்றும் சேரும் இடத்தில் பிள்ளைக்கு ஏற்ற தொழில் இருக்கும். அந்தப் படத்தைப் பெரிதாக வரைந்து என் அறைச் சுவரில் மாட்டியிருந்தேன். எனக்கு அதில் உண்மையான நம்பிக்கை இருந்தது. கணக்கில் தடுமாறினாலும் கைவேலையில் கெட்டிக்காரனான ஒரு பையனை ஐ.டி.ஐ.க்கு அனுப்பினேன், நன்றாக வந்தான். ஒரு பெண்ணைச் செவிலியர் பயிற்சிக்கு அனுப்ப அவளுடைய மாமாவோடு வாதாடி வென்றேன். நான் கெட்ட வழிகாட்டியாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. அதனால்தான் என் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. அந்த மதிப்புதான் பிறகு நடந்ததற்கு இடம் கொடுத்தது.

அந்தப் பெண் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலமும் கிணறும் உண்டு. கிணற்றுப் பாசனத்தில் நெல், மானாவாரியில் வேர்க்கடலை. அவர்கள் பேச்சில் மல்லாட்டை. மழை விழுந்ததும் மண்ணுக்குள்ளிருந்து அந்துப்பூச்சிகள் கிளம்பி வந்து முட்டையிடும். கொஞ்ச நாளில் கம்பளிப் புழு கூட்டம் கூட்டமாக இறங்கிச் செடியை மொட்டையடித்துவிட்டு அடுத்த வயலுக்கு நகரும். ஊரார் அதைச் சபித்துக்கொண்டே வரப்போரம் பள்ளம் தோண்டுவார்கள். இவள் மட்டும் அந்தப் புழுக்களை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வளர்த்தாள். எந்த இலையைத் தின்கிறது, எதைத் தொடுவதில்லை, எப்போது மண்ணுக்குள் போகிறது என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பாட்டிலை வகுப்புக்கே கொண்டுவந்துவிட்டாள். மூடி திறந்துகொண்டு பக்கத்துப் பெண்ணின் பாவாடையில் புழு ஏறி, வகுப்பே பெஞ்சின்மேல் ஏறி நின்றது. நான் அவளைத் திட்டவில்லை. மருந்து தெளிக்கச் சொல்லித்தர வந்த விவசாய அலுவலர் ஒருவர், பூச்சிகளைப் பற்றி மட்டுமே படிக்கும் படிப்பு கோயம்புத்தூரில் இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அதே பேச்சுதான். அதற்கு அறிவியல் பிரிவில் சேர வேண்டும். மதிப்பெண் இருந்தது.

மூன்று வட்டங்களில் இரண்டு அவளுக்கு அழகாகச் சேர்ந்திருந்தன. மூன்றாவதைத்தான் நான் சந்தேகப்பட்டேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் பெண்ணைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைப்பாரா? பிளஸ் டூவில் விலங்கியலும் தாவரவியலும் படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி, அடுத்த தை மாதம் கல்யாணமாகிப் போவாள் என்று நினைத்தேன். தட்டச்சு படித்தால் தேர்வெழுதி அரசாங்க வேலைக்குப் போகலாம், சொந்தக் காலில் நிற்கலாம். இது அவள்மேல் இருந்த அக்கறைதான். ஆனால் அக்கறை மட்டுமே என்று சொன்னால் பொய்.

தொழிற்பிரிவில் ஆள் சேரவில்லை. தட்டச்சு இயந்திரங்கள் வந்து இறங்கி, உறைகூடப் பிரிக்காமல் இருந்தன. போதிய பிள்ளைகள் சேராவிட்டால் பிரிவு வேறு பள்ளிக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பிரிவு வேண்டும் என்று எழுதி எழுதிக் கேட்டது நான்தான். அது போய்விட்டால் எனக்கு அவமானம். நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பெண் அதில் சேர்ந்தால், "மார்க்கு இல்லாதவனுக்குத்தான் அந்தப் பிரிவு" என்ற பேச்சு மாறும், பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆக, ஒரு பங்கு அவளுக்காக, ஒரு பங்கு எனக்காக. எது பெரிய பங்கு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவளும் அப்பாவும் என் அறைக்கு வந்தார்கள். நான் தட்டச்சு என்றேன். அவள் பயப்படாமல் அறிவியல் என்றாள். நான் காரணங்களை அடுக்கினேன். அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், பிறகு அழுதாள். அப்பா என்னைப் பார்ப்பார், மகளைப் பார்ப்பார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். மகள்மேல் உயிராக இருந்த மனிதர். பள்ளிக்கூடத்தின் பேச்சைத் தட்டக்கூடாது என்று வளர்ந்தவரும்கூட.

"உங்க பேச்சையும் தட்ட முடியல, அது அழுவறதையும் பாக்க முடியல சார்," என்றார் கடைசியில். "பூ கட்டிப் பாத்துடலாம். அவரு சொல்லட்டும்."

அவர் என்றால் எங்கள் ஊரில் அண்ணாமலையார். பூ கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். பெண் கொடுக்கலாமா, நிலம் வாங்கலாமா என்று மனம் முடிவுக்கு வராதபோது, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று முதலிலேயே பேசிக்கொள்வார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த நிறம்தான் உத்தரவு. புதிய கல்வி முறை வந்த பிறகு பிளஸ் டூ பிரிவுக்கும் பூ கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

வெள்ளை தட்டச்சு, சிவப்பு அறிவியல் என்று பேசிக்கொண்டோம். பொட்டலம் கட்டுவது யார்? "நீங்களே கட்டுங்க சார். நான் கட்டினா எது எதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும். நீங்க படிச்சவரு, நாயமானவரு," என்றார் அவர்.

அடுத்த நாள் காலை கோயிலில் சந்தித்தோம். கோபுர வாசலில் பூக்காரம்மாவிடம் அரளி கேட்டேன். வெள்ளையில் இரண்டு, சிவப்பில் ஒன்று. "உத்தரவு கேக்கறதுக்கு ரெண்டு பூ போதுமே சார், மூணு இன்னாத்துக்கு?" என்றாள். ஒன்று வாடிவிட்டால் என்ன செய்வது என்று ஏதோ சொன்னேன். "அதுக்குள்ளாற வாடாது," என்று சிரித்துக்கொண்டே இலைத் துண்டும் நாரும் கொடுத்தாள். ஆக, மூன்று பூ வாங்கும்போதே நான் முடிவு செய்துவிட்டிருக்கிறேன். கை தவறி நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கட்டினேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி. சிவப்பைத் தூணடியில் விட்டுவிட்டேன். அந்த நாட்களில் எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. கோயிலுக்கு வீட்டாரோடு போவேன், திருநீறு பூசிக்கொள்வேன், அவ்வளவுதான். சாமியே இல்லை என்று நினைப்பவனுக்குச் சாமி பெயரில் பொய் சொல்வது மிகவும் எளிது. யாரையும் ஏமாற்றுவதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஒரு மூடப்பழக்கத்தை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். நான் ஏமாற்றியது சாமியை அல்ல, என்னை நம்பி முன்னால் போன இரண்டு பேரை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு சிறிய சன்னிதியின் முன் இரண்டு பொட்டலங்களையும் வைத்தேன். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த வெளியூர்க் குடும்பத்தின் சின்னக் குழந்தை ஒன்றைக் கேட்டு அழைத்து வந்தார் அவள் அப்பா. அது இரண்டையும் பார்த்துவிட்டு, "முட்டாயா?" என்று கேட்டது. ஆமாம், ஒன்று எடு என்றார். எடுத்தது. அவரே பிரித்தார். வெள்ளை. குழந்தை ஏமாந்து அழப்பார்த்தது; அதன் அம்மா தூக்கிக்கொண்டு போனாள்.

அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்தப் பெண் கும்பிடவில்லை. "இன்னொண்ணையும் பிரிச்சிப் பாக்கலாமா நைனா?" என்றாள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"அத பிரிக்கக் கூடாது. சாமிய சந்தேகப்படறாப்பல ஆயிடும்."

 மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் குளத்தில் போட்டேன். அதுதான் வழக்கம் என்று அவர் நினைத்தார்.

அவள் தொழிற்பிரிவில் சேர்ந்தாள். நான் போட்ட கணக்குப்படியே அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பிரிவு நின்றது. தலைமையாசிரியர் என்னைக் கூட்டத்தில் பாராட்டினார்.

தட்டச்சு சொல்லிக்கொடுக்க ஒருவர் வெளியிலிருந்து வந்தார். ஊரில் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம். கடைத்தெருவில் சொந்தமாகத் தட்டச்சுப் பயிற்சி நிலையம் வைத்திருந்தார். நல்ல வேடிக்கைப் பேச்சுக்காரர். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது என்னிடம், "அந்தப் பொண்ணுக்கு வேகம் ஜாஸ்தி, தப்பு கம்மி. ஆனா வெரல்தான் மெஷின்ல இருக்குது. கண்ணு ஜன்னலுக்கு அந்தாண்ட இருக்குது. யாரு சார் அத இங்க கொண்டாந்து உட்டது?" என்றார். நான் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் உயிரியல் ஆய்வுக்கூடம் தெரியும். அதன்பிறகு நானும் கவனித்தேன். இடைவேளையில் அவள் ஆய்வுக்கூட வாசலில் நிற்பாள். உள்ளே போகமாட்டாள். தவளை அறுக்கும் நாளன்று மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தபோது, வாசற்படியில் நின்று கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். 

அந்த வாரத்திலேயே அறிவியல் பிரிவில் ஓர் இடம் காலியானது. ஒரு பையன் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துப் போய்விட்டான். மாதக் கடைசிக்குள் என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கினேன். தொழிற்பிரிவில்தான் இப்போது ஆள் இருக்கிறதே. அவள் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன். மண்டியில் மூட்டை போட்டுவிட்டு வேர்வையோடு வந்தார். மகளையும் வகுப்பிலிருந்து அழைத்தேன்.

நான் சந்தோஷமாகத்தான் விஷயத்தைச் சொன்னேன். யோசித்துப் பார்த்தேன், அவளுக்கு அறிவியல்தான் பொருத்தம், கோயம்புத்தூருக்கு விண்ணப்பம் போடுவதிலிருந்து உதவித்தொகை வரை எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"இன்னா சார் இப்பிடிப் பேசறீங்க? அவரு உத்தரவு குடுத்தாச்சி. மாத்தினா பொண்ணுக்கு ஆவாது."

பூவெல்லாம் நம் மனத் திருப்திக்குத்தான், அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. "உங்க கையால கட்டினதுதானே சார்? நீங்களே இப்பிடிச் சொல்லலாமா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்பட்டுச் சொன்னார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலைநிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் அப்பா இளகுவார் என்று தெரியும். சொன்னாள்.

"வேணாம் சார். எனக்கு அது வராதுன்னு அவருக்குத் தெரிஞ்சிதான் வேணாம்னுட்டாரு. நான் டைப்பே படிக்கறேன்."

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் இருந்தது என்று. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த மனிதர் என்னைப் பற்றி என்ன நினைப்பார், தலைமையாசிரியரிடம் போனால் என்ன ஆகும், கோயிலில் வைத்து ஏமாற்றிய வாத்தியார் என்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எப்படிப் பேசுவார்கள் என்றெல்லாம் ஓடியது. "சரிம்மா, உன் இஷ்டம்," என்றேன். உன் இஷ்டம் என்று நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவளுடைய இஷ்டத்தைத்தான் நான் குளத்தில் போட்டுவிட்டேனே.

பொட்டலம் கட்டியதைவிட இந்த மௌனத்தைத்தான் நான் பெரிய குற்றமாக நினைக்கிறேன். வாத்தியார் சொன்னார் என்றால் அவர்கள் என்னோடு சண்டை போட்டிருக்கலாம், நாளைக்கு மனத்தை மாற்றிக்கொள்ளலாம், வாத்தியாருக்கு என்ன தெரியும் என்று திட்டிவிட்டு வேறு பள்ளிக்கே போயிருக்கலாம். என் அபிப்பிராயத்தை நான் அண்ணாமலையாரின் வாயில் வைத்துவிட்டேன். அதன்பிறகு அதை யாராலும், என்னாலும்கூட, திரும்ப எடுக்க முடியவில்லை.

அவள் படிப்பை முடித்தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சில் முதுநிலைத் தேர்வு வரை தேறினாள். தேர்வெழுதி, காத்திருந்து, அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கிடைத்தது. அவள் ஊரில் அப்படி வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூட்டை நிறைய மல்லாட்டை கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்கினார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. என் மனைவி வறுத்தாள், அவித்தாள், பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தாள். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. காரணம் கேட்டாள், பித்தம் என்றேன்.

அவர் அதோடு விடவில்லை. மண்டியில், பஸ்ஸில், கல்யாண வீட்டில், போகிற இடமெல்லாம் சொன்னார். கேரியர் மாஸ்டர் கையால் பூ கட்டினால் தப்பாது, என்ன கைராசி! அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது என் அறை வாசலில் பெற்றோர் வரிசை. பாதிப்பேர் கையில் அரளிப்பூ. ஓர் அம்மா இலை, நார் எல்லாம் தயாராகக் கொண்டுவந்திருந்தாள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வேலூர்ல பூசாரிக்கும் சேத்துதான் டிரெயினிங் குடுத்தாங்களா?" என்றார். ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது.

நான் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். சொல்ல வேண்டியதை வாயால் சொல்கிறேன், கேட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள் என்றால் அவர்களுக்குத் திருப்தியில்லை. "பேசறது எல்லாரும் பேசுவாங்க சார்," என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்த ஆண்டின் கடைசியில் கேரியர் மாஸ்டர் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். மூன்று வட்டப் படத்தையும் கழற்றிவிட்டேன். உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் பொய்தான்.

வருடங்கள் போயின. எண்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. புதிய அலுவலகங்களுக்கு ஆட்கள் வந்தபோது அவளும் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தாள். கல்யாணமாகியிருந்தது, ஒரு பெண் குழந்தை. தட்டச்சு நிலையக்காரர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடிவந்திருந்தாள். அவர்தான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். கார்த்திகை தீபத்தன்று சாயந்தரம் ஊரே மொட்டைமாடியில் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அவருடைய பேரப்பிள்ளைகள்கூட ஏறிப் பார்க்கிறார்கள், இவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறாள் என்று.

"கொழந்தைய மட்டும் எங்க வூட்டோட அனுப்பிச்சிது. நீ வரலியாம்மான்னு கேட்டேன். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்த இல்ல பாய்னு சொல்லுது. உங்க சாமிகிட்ட அப்பிடி இன்னா சார் கோவம்?"

வீட்டு வாசலைத் தாண்டினால் மலைதான் எதிரே நிற்கும். பஸ் நிலையத்துக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் தலைக்கு மேலே அதே மலை. இந்த ஊரில் இருந்துகொண்டு அண்ணாமலையாரோடு பேச்சு இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுதினால் அது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வது. தூங்கினேன். ஆனால் மறுநாள் மதியம் அவள் அலுவலகத்துக்குப் போனேன்.

சாப்பாட்டு நேரம். அறையில் வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். மூன்று பூ வாங்கியது, தூணுக்குப் பின்னால் கட்டியது, சிவப்பை விட்டது, குளத்தில் போட்டது. பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டதையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

அவள் இயந்திரத்தில் சொருகியிருந்த தாளை உருவி மேசைமேல் வைத்தாள்.

"அப்போ அவரு வேணாம்னு சொல்லலியா சார்?" என்றாள்.

"இல்லம்மா. அவரைக் கேக்கவே விடல நான்."

அவள் அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். "ஞாயித்துக்கெழம நான் ஊருக்குப் போறேன். நீங்களும் வாங்க. நைனாகிட்ட உங்க வாயால சொல்லணும்," என்றாள். மாணவி ஆசிரியரிடம் கேட்பதுபோல இல்லை. வரச் சொன்னாள், போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் இறங்கி நடந்தோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் அவள், பின்னால் நான்.  அப்பா களத்தில் காயப்போட்ட மல்லாட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பதறிப்போய்க் கட்டில் எடுத்துப் போட்டார். மோர் கொண்டுவரச் சொன்னார். மோர் வருவதற்குள் சொல்லிவிட்டேன். மோர் குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று பயமாக இருந்தது.

அவர் கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் முகத்தில் முதலில் ஏதோ உடைந்தது. பிறகு அது மெல்ல மெல்லத் தானாகவே ஒட்டிக்கொண்டது. நான் அதைக் கண்ணெதிரே பார்த்தேன். பத்து வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததை அவரால் அப்படிச் சட்டென்று கைவிட முடியவில்லை.

"சார், இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்றார். "நம்ம கையில இன்னா இருக்குது? ரெண்டுலயும் வெள்ளைய வையிடான்னு உங்க கையில உக்காந்து அவருதான் வெச்சாரு. அதான் பொண்ணு இன்னிக்கி கவர்மெண்டு வேலையில இருக்குது. நீங்க இன்னாத்துக்குக் கலங்கறீங்க?"

என்னை மன்னிக்கக்கூட அவருக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.  ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்படியே விட்டுவிடலாம் என்று எனக்கும் ஆசையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் விடவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"இல்ல நைனா. சாமி கட்டல. சார் கட்டினாரு."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்..."

"நீ அத சொல்லல. சாமி என்னை வேணாம்னு சொல்லவே இல்ல. அதுக்கு மேல அவர் மேல எதையும் போடாத. பண்ணது சார். அத சாரே வந்து சொல்லிட்டாரு. அது அவரோடயே இருக்கட்டும்."

அப்பா குனிந்தார். கோலை எடுத்து மறுபடி கிளற ஆரம்பித்தார். மோர் வந்தது. மூன்று பேரும் குடித்தோம். வேறென்ன செய்வது?

பஸ் நிறுத்தம்வரை அவளே என்னைக் கொண்டுவந்து விட்டாள். வழியில் நான் மறுபடி ஆரம்பித்தேன். இப்போதும் ஏதாவது படிக்கலாம், நான் விசாரிக்கிறேன் என்று. பழைய கேரியர் மாஸ்டர் புத்தி. அவள் நின்றுவிட்டாள்.

"இனிமே எனக்கு இன்னா படிக்கலாம்னு நீங்க சொல்லாதீங்க சார்," என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. "சாமி மேல இருந்த கோவம் இப்போ உங்க மேல வந்திருக்குது. எனக்கு இது தேவலாம். ஆனா உங்க மேல இருக்கறது போறதுக்கு நாளாவும்."

ஆகட்டும் என்றேன். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நானும் அவள் மகளின் காதுகுத்துக்குப் போயிருக்கிறேன். மரியாதையாகத்தான் பேசுவாள். அந்தக் கோபம் போய்விட்டதா என்று நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமை என்னிடம் இல்லை.